நீரிறைக்கும் மோட்டாருக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஏற்ற குளிர்த்தும் விசிறியைத் தெரிதல்

மின் மோட்டாரினாற் கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்யும் கமக்காரரிற் சிலர், விசிறி உடைந்த மோட்டாரைப் பல நாட்களுக்கு அப்படியே ஓட்டுவதுண்டு. நீர் வழக்கம்போல் வந்துகொண்டிருப்பதால் குற்றம் எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெங்காயம் குமிழ் பருக்கும் காலத்தில், வெயில் ஏறிய ஒரு நாளில், மோட்டார் கருகி நின்றுவிடும். கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவித்து, அகப்பட்ட ஒரு விசிறியையும் பூட்டி ஓட்டினால், சில வாரங்களுள் அது மீண்டும் கருகும். முதன்முறை கருகியது விசிறி இல்லாமையால். இரண்டாம் முறை கருகியது விசிறி பிழையானமையால்.

விசிறியின் விலை மோட்டாரின் விலையில் ஒரு சிறு பங்கேயாகும். ஆனால் அதனாற் கெடுவது மோட்டார் மாத்திரமன்று. நீரின்றி வாடும் பயிருங் கெடும். ஆகையால் புதிய விசிறி வாங்குவோர் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். தண்டிற் பொருந்துதல் வேறு. இயந்திரத்தைக் குளிர்த்துதல் வேறு. தண்டிலே இறுகப் பொருந்திச் சுழலும் விசிறியும் மோட்டாருக்கு ஒவ்வாத விசிறியாக இருத்தல் கூடும்.

விசிறி செய்யும் வேலை

மோட்டாருக்குட் செல்லும் மின்சக்தி முழுவதும் நீரிறைக்கும் வேலையாக மாறுவதில்லை. ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று ஆகும். ஒரு குதிரைவலு வேலை செய்யும் சிறு மோட்டார் ஏறக்குறைய 1,000 வாற்று மின்சக்தியைப் பெறுமாயின், எஞ்சிய 250 வாற்று வெப்பமாக மாறி மோட்டாருக்குள்ளே தங்கும். இவ்வெப்பம் ஓயாது வெளியேற்றப்படாவிடின் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் மேன்மேலும் சூடேறும்.

கம்பியின்மேல் மெல்லிய காவலிப் பூச்சு ஒன்றுண்டு. மோட்டாரின் ஆயுள் பெரும்பாலும் இப்பூச்சின் ஆயுளேயாகும். சுருளின் வெப்பநிலை அதற்கென வகுத்த அளவுக்கு மேல் 10 பாகை செல்சியஸ் ஏறுந்தோறும் காவலியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின் பொறியியலார் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. எனவே சற்றுக் குறைவாகக் காற்று வீசும் விசிறியுள்ள மோட்டார் இன்றே கருகாது. பத்தாண்டு உழைக்க வேண்டிய மோட்டார் சில ஆண்டுகளிற் கருகும்.

முற்றாக மூடப்பட்ட மோட்டாரிற் பம்பு பூட்டிய முனைக்கு எதிர்முனையில், தகட்டு மூடி ஒன்றினுள்ளே, விசிறி இருக்கும். அது மூடியின் பின்புறத் துவாரங்கள் வழியாகக் காற்றை இழுத்து, மோட்டாரின் உடல்மேல் வயல் வரம்புகள்போல நீளவாக்கில் அமைந்துள்ள விளிம்புகளின் இடையே செலுத்துகின்றது. அக்காற்று வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு பம்பின் பக்கமாக வெளியேறும். காற்றை விளிம்புகளை நோக்கித் திருப்புவது மூடியேயாகும். மூடியைக் கழற்றிவிட்டால் நன்றாகக் காற்றுப்படும் என எண்ணுதல் தவறு. மூடியில்லாத விசிறி காற்றை நாற்புறமும் சிதறும். கைகால்களுக்கும் ஆபத்து விளைக்கும்.

குழாய்க்கிணற்றினுள் நீரில் மூழ்கியிருந்து இறைக்கும் மோட்டாருக்கு இவ்விசிறி இல்லை. அதனைச் சூழ்ந்தோடும் நீரே குளிர்த்துகின்றது.

பழைய விசிறி ஏன் உடைந்தது?

புதிய விசிறியை வாங்குமுன் பழையது கெட்ட காரணத்தை அறிதல் வேண்டும். காரணம் நீங்காவிடின் புதியதும் அதே கதியை அடையும். பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் இவையாம்:

1. மூடி நெளிந்து இறக்கைகளில் உரசுதல். மோட்டாரைத் தூக்கிச் செல்லும்போது மூடியைப் பிடித்துத் தூக்குவதால் இது நேரும்.

2. எலிக்கூடு, குளவிக்கூடு, வைக்கோல், காய்ந்த இலை ஆகியவை மூடியினுள் அடைபடுதல்.

3. பிளாத்திக்கு விசிறி வெயிலாலும் சூட்டினாலும் முறுகி, நடுக்குடத்தில் வெடித்தல்.

4. பெயாரிங் தேய்ந்து தண்டு ஆடுதல். விசிறியைக் கழற்றிய பின் தண்டின் முனையைக் கையாற் பற்றி மேலுங் கீழும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். அசைவு தெரியுமாயின், முதலிற் பெயாரிங்கை மாற்றிய பின்னரே விசிறியைப் பூட்டுதல் முறை.

கடைக்குச் செல்லுமுன் அறிய வேண்டியவை

பழைய விசிறி துண்டுகளாக உடைந்திருந்தாலும் அத்துண்டுகளை எறிந்துவிடலாகாது. அவற்றையும் மூடியையும் கடைக்கு எடுத்துச் செல்லல் நன்று. மோட்டாரின் பெயர்த் தகட்டிலுள்ள விவரங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். சர்வதேச நியமத்தின்படி செய்யப்பட்ட மோட்டாராயின் 80, 90, 100, 112 என்பன போன்ற ஒரு சட்ட எண் தகட்டிற் காணப்படும். அது நிலத்தில் நிற்கும் மோட்டாரின் அடியிலிருந்து தண்டின் நடுவரையுள்ள உயரத்தை மில்லிமீற்றரிற் குறிக்கும். இவ்வெண்ணும் மோட்டாரைச் செய்தோர் பெயரும் தெரியுமாயின் அதற்கே உரிய விசிறியைக் கேட்டு வாங்குதல் எளிது. உரிய விசிறி கிடையாதவிடத்து, பின்வருவனவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுதல் வேண்டும்.

1. தண்டின் விட்டம்: விசிறி அமரும் இடத்திலே வேணியர் இடுக்கிமானியால் அளத்தல் வேண்டும். நாடாவால் அளப்பது போதாது. அரை மில்லிமீற்றர் தளர்வும் விசிறியைத் தண்டிலே வழுக்கச் செய்யும். அருகிலுள்ள கடைசல் பட்டறையில் இதனை அளந்து தருவர்.

2. பூட்டும் வகை: சில விசிறிகள் இறுக்கத்தினால் மாத்திரம் நிற்கும். சில, தண்டின் ஒருபுறத்திற் சீவப்பட்ட தட்டையான பகுதியிற் பொருந்தும். சிலவற்றுக்குச் சாவிக்கட்டையும், சிலவற்றுக்கு வில்வளையமும், சிலவற்றுக்கு இறுக்கும் திருகாணியும் உண்டு. ஒரு வகைக்குரிய விசிறியை மற்றொரு வகைத் தண்டிலே நூல் சுற்றியோ தகடு செருகியோ பூட்டுதல் கூடாது.

3. வெளிவிட்டம்: பழைய விசிறியின் விட்டத்துக்குச் சமமாயிருத்தல் வேண்டும். பழையது இல்லையாயின் மூடியின் உள்விட்டத்தை அளந்து, இறக்கையின் முனைக்கும் மூடிக்கும் இடையே எப்பக்கத்திலும் சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கத்தக்கதாகத் தெரிதல் வேண்டும்.

4. இறக்கையின் அகலமும் குடத்தின் நீளமும்: அகலங் கூடிய இறக்கை மூடியின் பின்தகட்டில் முட்டும், அகலங் குறைந்தது போதிய காற்றை வீசாது.

5. இறக்கையின் வடிவம்: நடுவிலிருந்து நேராக வெளியே செல்லும் இறக்கைகளையுடைய விசிறி, எப்பக்கஞ் சுழன்றாலும் ஒரே அளவான காற்றை வீசும். வளைந்த இறக்கைகளையுடைய விசிறி ஒரு பக்கஞ் சுழல்வதற்கே அமைந்தது. அவ்வாறான விசிறியை வாங்கினால், அதிலுள்ள அம்புக்குறியும் மோட்டார் சுழலும் திசையும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் இரு கம்பிகளை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கஞ் சுழலும் என்பது உண்மையே. ஆயினும் விசிறிக்காக அவ்வாறு செய்தால் பம்பும் எதிர்ப்பக்கஞ் சுழன்று வேலை கெடும். திசை தெரியாதவிடத்து நேரிறக்கை விசிறியே பாதுகாப்பானது.

6. பொருள்: பிளாத்திக்குக்குப் பதிலாக அலுமினிய விசிறி பூட்டலாம், வடிவமும் அளவும் ஒன்றாயிருத்தலே முக்கியம். தகரத்தை வெட்டி வீட்டிலே செய்யும் விசிறி சமநிலையற்றது. அது பெயாரிங்கைத் தின்றுவிடும். பறந்து காயமும் விளைக்கும்.

விட்டமும் விரைவும்

"சற்றுச் சிறிய விசிறி தானே, அதனால் என்ன?" என வினவுவோர் உளர். ஒரே வடிவமுள்ள இரு விசிறிகள் ஒரே விரைவிற் சுழலும்போது, வீசப்படும் காற்று விட்டத்தின் மும்மடிக்கேற்ப வேறுபடும். விட்டத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், காற்று நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தேழு குறைந்துவிடும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு மோட்டாருக்குப் பெரிதாகும்.

மோட்டாரின் விரைவும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. எமது நாட்டில் வழங்கும் மின்சாரத்தில், நீரிறைக்கும் மோட்டார்களுட் சில நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 முறையும், சில ஏறக்குறைய 1,450 முறையும் சுழல்வன. இவ்விரண்டும் ஒரே சட்ட எண்ணை உடையனவாகவும், விசிறி அமருந் தண்டு ஒரே அளவினதாகவும் இருத்தல் கூடும். ஆயினும் விரைவாகச் சுழலும் மோட்டாருக்குச் சிறிய விசிறியும், மெதுவாகச் சுழலும் மோட்டாருக்குப் பெரிய விசிறியும் அமைத்திருப்பதுண்டு.

விரைவான மோட்டாரின் சிறிய விசிறியை மெதுவான மோட்டாரிற் பூட்டினால், அது முன்பு வீசிய காற்றிற் பாதியையே வீசும், மோட்டார் சூடேறும். மெதுவான மோட்டாரின் பெரிய விசிறியை விரைவான மோட்டாரிற் பூட்டினாற் காற்று மிகும் என்பது மெய். ஆனால் விரைவு இரட்டிக்கும்போது விசிறியைச் சுழற்றத் தேவையான வலு எட்டு மடங்காகும். அவ்வலுவை மோட்டாரே கொடுத்தல் வேண்டும். அதனால் மின்செலவு கூடும், பேரிரைச்சல் உண்டாகும், பிளாத்திக்கு விசிறியாயின் சிதறவுங் கூடும். ஆகையாற் கடையில் விசிறி கேட்கும்போது சட்ட எண்ணுடன் விரைவையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

பூட்டும் முறை

முதலில் மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்தி, உருகியைக் கழற்றி வைத்துக்கொள்ளல் வேண்டும். வேறொருவர் அறியாது ஆளியைப் போடுதலை இது தடுக்கும். மூடியைக் கழற்றி, வில்வளையமோ திருகாணியோ இருப்பின் அதனை நீக்கிய பின், விசிறியை இழுகருவி கொண்டு மெதுவாக இழுத்தெடுத்தல் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றுதல் பெயாரிங்கைப் பழுதாக்கும்.

தண்டைத் துடைத்து, துருவை மெல்லிய அரத்தாளால் நீக்குக. இறுக்கத்தினால் நிற்கும் பிளாத்திக்கு விசிறியின் குடத்தைச் சுடுநீரிற் சில நிமிடம் வைத்தால் அது சற்று விரிந்து எளிதில் ஏறும். பழைய விசிறி நின்ற அதே இடத்திற் புதியதை நிறுத்துதல் வேண்டும். மூடியைப் பூட்டுமுன்னும் பூட்டிய பின்னும் தண்டைக் கையாற் பல முறை சுழற்றிப் பார்க்குக. எங்கும் உரசுதல் கூடாது.

பரீட்சித்தல்

மோட்டாரை ஓடவிட்டு, ஒரு சிறு தாள் துண்டை மூடியின் பின்புறத் துவாரங்களின் அருகே பிடிக்குக. தாள் மூடியோடு ஒட்டிக்கொள்ளுமாயின் விசிறி காற்றை இழுக்கின்றது என்பது தெளிவு. பின்னர் ஒரு நூலைப் பம்பின் பக்கமாக உள்ள விளிம்புகளின் முனையிலே பிடித்தால், அது பம்பை நோக்கிப் பறத்தல் வேண்டும். தாள் ஒட்டியும் நூல் அசையாதிருப்பின் விளிம்புகளின் இடையே சேறும் தூசியும் படிந்துள்ளன எனக் கொள்ளலாம். நூல் பிடிக்கும்போது சுழலும் தண்டுக்கு அண்மையிற் கையையோ உடையையோ கொண்டுபோகலாகாது.

முழுச் சுமையில் ஓடும் நல்ல மோட்டாரின் உடலும் கைவைக்க முடியாத அளவு சூடாகுமாதலால், தொட்டுப் பார்த்து முடிவு செய்தல் தகாது, கையுஞ் சுடும். மின்னோட்டத்தை அளக்கும் கருவியுள்ள மின்வினைஞரைக் கொண்டு, ஓடும்போது பெறும் மின்னோட்டம் பெயர்த் தகட்டிற் குறித்த அளவுக்கு மேற்படவில்லை என்பதை உறுதி செய்தல் சிறந்தது.

மோட்டார் நிற்கும் இடமும் விசிறிக்குத் துணை செய்தல் வேண்டும். பெரும்பாலான மோட்டார்கள் சூழவுள்ள காற்று 40 பாகை செல்சியஸுக்கு மேற்படாத இடத்திற்கென அமைக்கப்படுவன. வெயிலிற் காயும் தகரப் பெட்டியினுள்ளே வெப்பம் இவ்வளவைக் கடந்துவிடும். மழைக்கு அஞ்சி மோட்டாரைச் சாக்கினால் மூடி ஓட்டுவோர், எவ்வளவு நல்ல விசிறி பூட்டினாலும் பயன் பெறார். பக்கங்கள் திறந்த கிடுகுக் கூரையே ஏற்றது. மூடியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே, மூடியின் விட்டத்திற் காற்பங்குக்குக் குறையாத இடைவெளி விடுதல் வேண்டும். அதனினும் கூடுதலாக விடுதல் நன்று.

உழவு இயந்திரத்தின் விசிறி

நெற்செய்கையில் உழவுக்கும் சூடடிப்புக்கும் பயன்படும் நீர்குளிர் இயந்திரங்களில், விசிறி ரேடியேற்றரினூடாகக் காற்றைச் செலுத்துகின்றது. மோட்டார் வண்டி விரைந்தோடும்போது எதிர்க்காற்றும் ரேடியேற்றரைக் குளிர்த்தும். உழவு இயந்திரமோ வயலில் மெதுவாக நகரும். சூடடிக்கும்போது நின்ற இடத்திலேயே ஓடும். ஆகையால் இங்கே குளிர்த்தும் பொறுப்பு ஏறக்குறைய முழுவதும் விசிறியையே சாரும்.

இவ்விசிறியின் இறக்கைகள் சரிவாக அமைந்தவை. பெரும்பாலான நாற்சில்லு உழவு இயந்திரங்களில் அது முன்னிருந்து காற்றை இழுத்து, ரேடியேற்றரினூடாக இயந்திரத்தின் பக்கம் வீசும். புதியது வாங்கும்போது இறக்கை எப்பக்கம் சரிந்துள்ளது என்பதைப் பழையதன் அருகே வைத்து ஒப்பிடுதல் வேண்டும். சரிவு மாறிய விசிறி காற்றை எதிர்ப்பக்கந் தள்ளும். அதனைத் திருப்பிப் பூட்டினாற் சரியாகும் எனப் பலர் எண்ணுவர். நட்டைத் திருப்பிப் போட்டாலும் அதன் புரி மாறாததுபோல, விசிறியைத் திருப்பிப் பூட்டினாலும் காற்றின் திசை மாறாது. சரியான விசிறியைத் தவறுதலாகத் திருப்பிப் பூட்டினாலும், இறக்கையின் வளைவு பின்புறமாகிவிடுவதால் காற்றின் அளவு குறையும்.

விட்டம், இறக்கைகளின் எண்ணிக்கை, சரிவின் அளவு, நடுத்துவாரம், போல்ற்றுத் துவாரங்களின் எண்ணிக்கையும் இடைத்தூரமும் ஆகிய அனைத்தும் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். ரேடியேற்றரின் பின்னே வளையம்போல அமைந்த தகட்டுக் கூடு ஒன்றிருப்பின், அதனைக் கழற்றி எறிதல் கூடாது. அக்கூடே விசிறி இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேற்றரினூடாக வரும்படி செய்கின்றது. கூட்டினுள் பழைய விசிறி எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அவ்வளவு ஆழத்திற் புதியதும் நிற்றல் வேண்டும்.

வளைந்த இறக்கையை நிமிர்த்தியோ வெடித்ததை ஒட்டியோ பயன்படுத்தலாகாது. அது ஓடும்போது முறிந்து ரேடியேற்றரைக் கிழிக்கும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் ஆபத்தாகும்.

இயந்திரம் கொதிக்கும்போதெல்லாம் விசிறியே குற்றவாளியன்று. சூடடிப்பின்போது பதரும் தூசியும் ரேடியேற்றரின் முகப்பை அடைத்துவிடும். விசிறிப் பட்டி தளர்ந்திருந்தால் விசிறி வழுக்கி மெதுவாகச் சுழலும். இவ்விரண்டையும் பார்த்து, குளிர்நீரின் அளவையும் சோதித்த பின்னரே விசிறியை மாற்ற எண்ணுதல் வேண்டும். சூடாயிருக்கும் ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. பட்டியைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்துதல் அவசியம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விசிறி உடைந்த மோட்டாரை ஒரு நாளேனும் ஓட்டலாகாது.

2. பழைய விசிறி உடைந்த காரணத்தை முதலில் நீக்குக.

3. தண்டின் அளவு, வெளிவிட்டம், இறக்கையின் வடிவம், சுழலும் திசை, விரைவு ஆகிய ஐந்தும் ஒத்திருந்தாலன்றி விசிறியை வாங்கற்க.

4. கருகிய மோட்டாரின் சுருளைச் சுற்றுவிக்கும்போது விசிறியையும் மூடியையும் உடன் சோதிப்பிக்குக.

5. போகம் தொடங்குமுன் மூடியைக் கழற்றித் துப்புரவு செய்து, தாள் கொண்டு பரீட்சித்துக்கொள்க. பயிர் நீரை வேண்டி நிற்கும் காலத்தில் விசிறி தேடி அலையும் நிலை அதனால் நேராது.

ஐயமுள்ள கமக்காரர், பழைய விசிறியையும் பெயர்த் தகட்டின் விவரங்களையும் எடுத்துக்கொண்டு தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகினால், தக்க ஆலோசனை பெறலாம்.